லாபம், இரண்டு, மூன்று

பழி வாங்குவது கூடாது என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும், பிள்ளைகளே. எனக்கும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிறார்களோ என்னவோ, தெரியாது. நான் பழி வாங்கியிருக்கிறேன். ஒரு நேர்சரி டீச்சரை, ஒரு பால் டின்னை வைத்துக்கொண்டு பழி வாங்கினேன். அது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது சண்டைக் காலம். நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருந்தோம். ஒழுங்கை முழுக்க மாடி வீடுகள். அவற்றில் ஒன்றின் பின்பக்கம் ஒட்டுப் போட்டது போல ஓர் அறை எங்களுடையது. என் மனைவி அங்கேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மகளுக்கு நாலு வயது. ரயில் போனால் அறையே ஆடும்; மகள் அந்த ஆட்டத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு சோறு தின்பாள்.

நான் காலி வீதியில் ஓர் அரிசிக் கடையில் வேலை செய்தேன். மூட்டை இறக்குவது, அளப்பது, வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. முதலாளி நல்ல மனுஷன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. எதை எண்ணினாலும், எதை அளந்தாலும், முதலாவதை ‘ஒன்று’ என்று சொல்லக் கூடாது. ‘லாபம்’ என்றுதான் சொல்ல வேண்டும். லாபம், இரண்டு, மூன்று, நாலு. வியாபாரத்தின் முதல் சொல் லாபமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் ஒரு நாள் வாய் தவறி ‘ஒண்ணு’ என்று தொடங்கிவிட்டான். அளந்தது முழுவதையும் மூட்டைக்குள் திரும்பக் கொட்டச் சொன்னார். “மொதல்ல இருந்து அளடா, வாய் வெளங்காதவனே” என்றார். அன்றிலிருந்து எங்கள் யாருக்கும் நாக்கு தவறியதில்லை.

அதே ஒழுங்கையில் அந்த டீச்சரின் வீடு இருந்தது. முன் ஹோலில் நேர்சரி, பின்னால் குடியிருப்பு. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துவிட்டு ஓய்வு எடுத்தவர். யாழ்ப்பாணத்து மனுஷி. வெள்ளைச் சேலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அரிசி எங்கள் கடையில்தான் வாங்குவார். கடை நிறுப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே மாதா மாதம் நான் மூட்டையைச் சுமந்துகொண்டு போய், அவருடைய குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சுண்டால் அளந்து அவருடைய பெட்டிக்குள் கொட்ட வேண்டும். சுண்டு என்றால் வேறொன்றும் இல்லை. பால் டின் அளவு. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போதே தலையில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் நான் ‘கடைப் பெடியன்’தான்.

மகளை அந்த நேர்சரியில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. காரணம் அந்த ஹோலில் இருந்த கண்ணாடி அலுமாரி. மூட்டையோடு உள்ளே போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். நிறம் நிறமாய் மரக்கட்டைகள், மணிகள், எழுத்து அட்டைகள், மணல் தட்டு, நாடா கோர்க்கிற பலகை. என் பிள்ளை அதையெல்லாம் தொட்டு விளையாட வேண்டும். அடுத்த வருடம் காலி வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதிபர் பிள்ளைகளை நேரில் பார்த்துத்தான் எடுப்பார். டீச்சரின் நேர்சரிப் பிள்ளைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார் என்று ஒழுங்கையில் பேச்சு.

சேர்த்தேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு நாள் பகல் மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். அவள் வாசலுக்கு வெளியே தனியாக நின்றாள், தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. உள்ளே மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் நின்றார்கள். டீச்சர் என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

“தம்பி, உம்மட பிள்ளை அலுமாரியைத் திறந்து மணியெல்லாத்தையும் வாரிக் கொட்டிப்போட்டா. கொட்டிப்போட்டு என்ன செய்தவ தெரியுமோ? கோப்பையால அளந்துகொண்டு இருக்கிறா!”

“விளையாட்டுக்குத்தானுங்களே டீச்சர்.”

“அது விளையாட்டுச் சாமான் இல்லை, படிப்புச் சாமான். நான் எடுத்துத் தந்தாத்தான் தொடவேணும். இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஏறாது. தோட்டக்காட்டுப் பிள்ளையளுக்கு இதெல்லாம் பழக்கமில்லைத்தானே, பிழை சொல்லேலாது. வீட்டிலயே வைச்சிரும். கடையில அரிசி விக்கிறதுக்கு இந்தப் படிப்பு என்னத்துக்கு?”

ஓர் அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. பல் தெரியச் சிரித்தார். நாங்கள் இருந்த வீட்டின் மேல் மாடியில் இருக்கிறவர். அவருடைய மகன்தான் அந்த நேர்சரியின் முதல் கெட்டிக்காரன்.

மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவள் என் காதுக்குள், “அப்பா, நான் சிந்தல, சரியா அளந்தேன்” என்றாள். வீட்டுக்கு வருவதற்குள் முடிவு எடுத்துவிட்டேன். வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார் அல்லவா? வைத்திருப்பேன். வைத்திருந்து, அதே பள்ளிக்கூடத்தில், அதே டீச்சர் கண் முன்னால், அவருடைய பிள்ளைகளுக்கு மேலே என் பிள்ளையை நிறுத்துவேன். அந்தக் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று விழ வேண்டும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷின் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “புள்ளைக்குப் படிப்பா, இல்ல டீச்சருக்கு அடியா?”

“ரெண்டும்தான்” என்றேன்.

இப்போது வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கு எத்தனையோ சாமான் கடையில் கிடைக்கிறது. எனக்கு வழி காட்டியது என் கோபம் மட்டும்தான். அந்த அலுமாரியில் எது இருக்கிறதோ அது எங்கள் அறையில் இருக்க வேண்டும், அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் டீச்சர் வீட்டுக்கு மூட்டை கொண்டுபோனபோது அலுமாரிக்குப் புதிதாகப் பூட்டு விழுந்திருந்தது; கண்ணாடி வழியாக ஒவ்வொரு தட்டாகக் கண்ணால் அளந்துகொண்டு வந்தேன். களவு எடுக்கப் போகிறவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

முதலில் மணல் தட்டு. மணலில் விரலால் எழுதினால் கைக்கு எழுத்து படியும். ஒழுங்கை முடிவில் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடற்கரை. ஒரு பையில் மணல் அள்ளிக்கொண்டு திரும்பி வரும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு ஆமிக்காரர் மறித்தார்கள்.

“மே மொனவத?” என்றான் ஒருவன். இது என்ன என்று கேட்கிறான்.

“வெலி, மாத்தயா” என்றேன். மணல், ஐயா என்று.

கடற்கரையில் நின்றுகொண்டு ஒருவன் மணலை வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்றால் யார்தான் நம்புவார்கள்? மற்றவன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவைக் கேட்டான். பிறகு பையைத் தலைகீழாய்ப் பிடித்துக் கொட்டி, சப்பாத்துக் காலால் கிளறினான். மணல்தான். “ளமயாட்ட அகுரு லியன்ன” என்றேன், பிள்ளைக்கு எழுத்து எழுத. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “இவனுக்குப் பைத்தியம்” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. கொட்டியதை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பவும் கடற்கரைக்குப் போய்ப் புதிதாக அள்ளிக்கொண்டு வந்தேன். அவர்கள் மேல் வந்த கோபத்தையும் டீச்சர் தலையிலேயே கட்டினேன். அவர் அந்த அலுமாரியைப் பூட்டியிருக்காவிட்டால் எனக்கு இந்தக் கேவலம் ஏன்?

எழுத்து அட்டைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என் மச்சான் அங்கே ஓர் அச்சுக்கூடத்தில் வேலை செய்தார். வெட்டிக் கழித்த தடித்த காகிதம் கட்டுக் கட்டாய்த் தந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். “நல்ல தடிப்பாப் பாத்து எடுங்க மாப்ள. டீச்சர் மூஞ்சில எறிஞ்சாலும் வளையக் கூடாது” என்றார்.

நான் எடுத்ததெல்லாம் சரியாக அமையவில்லை. காலி வீதி நடைபாதையில் ஆங்கில எழுத்துப் படம் ஒன்று வாங்கி ஒட்டினேன். மகள் ஒரு நாள் பார்த்தாள், பிறகு அதில் பல்லி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். எண்ணுவதற்கு அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி கொண்டுவந்தேன்; மனைவி பார்த்த உடனே பறித்துக் கழிவுக் கானில் கொட்டினாள். “வெஷம் அது. வாயில போட்டுட்டா யார பழி வாங்குவீங்க?” என்றாள். சிறு பிள்ளைக்குச் சாமான் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கண்ணுக்கு அழகானது வாய்க்கு ஆகாததாக இருக்கும்.

எனக்குப் பொறுமையும் இல்லை. ‘அ’ எழுது, ‘அ’ எழுது என்று ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். நேர்முகம் நாளைக்கே என்பது போல. மகள் மணல் தட்டைத் தூக்கிப் பாயில் கவிழ்த்தாள். அன்று இரவு முழுக்க நாங்கள் மூன்று பேரும் மணலில் படுத்தோம். “டீச்சர் மாரி நீங்களும் கத்துறீங்க” என்று மனைவி சொன்னாள். அந்த ஒரு சொல் சுரீரென்று பட்டது. டீச்சரை மாதிரியா? அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. அன்பினால் அடங்கினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அது இல்லை. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்ற வீம்பில் அடங்கினேன்.

பிறகு, மகள் எதைத் தேடிப் போகிறாள் என்று பார்க்கத் தொடங்கினேன். கடை மூடும் நேரம் தரையைக் கூட்டினால் பயறு, கடலை, கௌபி, பருப்பு எல்லாம் கலந்து வரும். முதலாளியிடம் கேட்டு அதைக் கொண்டுவந்தேன். மகள் அதை இனம் இனமாய்ப் பிரித்து வெவ்வேறு சிரட்டையில் போடுவாள். இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள். மனைவியின் பொத்தான் டப்பாவை நிறம் நிறமாய்ப் பிரிப்பாள். வெறும் நூல்கட்டைகளைச் சாக்கு நூலில் கோர்ப்பாள். முனை மழுங்கத் தேய்த்த கோணியூசி ஒன்று அவளுக்கென்று இருந்தது. கொஞ்ச நாளில் அந்த விரல்களுக்குப் பிடி வந்துவிட்டது. தானாகவே போய் மணலில் ‘அ’ எழுதினாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அளப்பது. பெரிய பேசின் நிறையத் தவிடு வைத்து, நடுவில் சுண்டைப் போட்டுவிடுவேன். நான் கடையிலிருந்து வந்து குந்தியிருந்து அளந்து காட்டுவேன். அவள் வாங்கி அளப்பாள். நான் சொல்லச் சொல்ல அவளும் சொல்லுவாள். சிந்தாமல், தலைதட்டி, விளிம்பில் விரலை ஓட்டி, கடையில் நான் அளக்கிற மாதிரியே. எந்தப் பிள்ளையை ‘அளக்கிறா’ என்று வெளியே நிறுத்தினாரோ, அந்தப் பிள்ளையை அளக்கவிட்டே எண்ணுவதற்குப் பழக்கினேன். கூட்டல், கழித்தல்கூட வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் நகரத்தில் ஓரிடத்தில் குண்டு வெடித்தது. நேர்சரிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். திறக்கிற நாள் தள்ளித் தள்ளிப் போனது. மாடி வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, படிகளில் ஓடி, ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒரு பிள்ளை எங்கள் கதவில் எட்டிப் பார்த்தது. என் மகள் தவிட்டுப் பேசினுக்கு முன்னால் ராணி மாதிரி இருந்தாள். அடுத்த நாள் மூன்று பிள்ளைகள் வந்தார்கள்.

அதற்கடுத்த நாள் அந்த மேல் மாடி அம்மா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பல் தெரியச் சிரித்தவர்தான்.

“அண்ணை, இவனை வீட்டில வைச்சுச் சமாளிக்க ஏலாமக் கிடக்கு. கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டுமோ?”

என் மனம் எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? இந்த நேரத்துக்காகவே வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். ‘இது தோட்டக்காட்டு வீடு, உங்கள் பிள்ளைக்குப் பழக்கமிருக்காது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி, “வாங்க தம்பி, செருப்ப அங்க கழட்டிப் போட்டுட்டு வாங்க” என்று அந்தப் பையனை உள்ளே எடுத்துவிட்டாள்.

அன்று மாலை அவளோடு சண்டை பிடித்தேன். அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள்: “டீச்சர் ஒங்க புள்ளயத்தான வெளிய போட்டாங்க? நீங்க அவங்க புள்ளைங்கள எல்லாம் உள்ள எடுங்க. எது பெரிசு?”

நான் யோசித்தேன். எனக்குத் தோன்றியிராத பழி அது. டீச்சரின் பிள்ளைகள் எல்லாரும் என் பேசினைச் சுற்றி! அன்றிலிருந்து, கடையில் வேலை குறைந்த பகல் நேரங்களில் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். பொத்தான், நூல்கட்டை, தானியம் எல்லாம் அவர்களுக்கும் கிடைத்தது. பூட்டு இல்லை. யாரும் எதையும் தொடலாம். அந்தப் பையன் முதல் நாள், “அங்கிள், தொடலாமோ?” என்று கேட்டான். “வாரிக் கொட்டு” என்றேன். கொட்டினான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அளக்கத்தான் எல்லோருக்கும் போட்டி. வரிசையாக இருந்து ஆளுக்கொரு டின்னோடு அளப்பார்கள். நான் சொல்ல, எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். ரயில் சத்தத்தையே அமுக்கிவிடும்.

நேர்சரி திறந்ததும் அந்தப் பிள்ளைகள் அங்கே போனார்கள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் நாள் வந்தது.

நானும் மனைவியும் மகளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனோம். விறாந்தையில் உட்கார வாங்கு போட்டிருந்தது. டீச்சர் தம்முடைய பிள்ளைகளை வரிசையாக இருத்திவிட்டு, உள்ளே அதிபரின் மேசைக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். பழைய பழக்கமாம். எங்களைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஓ, இவையும் வந்திருக்கினமோ?” என்றார்.

முதலில் என் மகளைத்தான் கூப்பிட்டார்கள். அதிபர் கொஞ்சம் வயதான அம்மா, சிரிக்காத முகம். பெயர் கேட்டார், சொன்னாள். எழுத்து அட்டையைக் காட்டினார், வாசித்தாள். பொத்தான் பூட்டச் சொன்னார், மேலிருந்து கீழ்வரை பூட்டினாள். நான் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் இறுகிக்கொண்டு வந்தது. என் நெஞ்சு அகன்றுகொண்டு வந்தது. அதிபர் பத்து நிறப் பென்சில்களை மேசையில் பரப்பினார்.

“இதை எண்ணு பாப்பம்.”

மகள் முதல் பென்சிலில் விரலை வைத்தாள். சத்தமாக, தெளிவாக, “லாபம்” என்றாள். அடுத்ததில் வைத்தாள். “ரெண்டு, மூணு, நாலு…”

எத்தனை மாதம் அளந்து காட்டினேன்! என் நாக்கில் ‘ஒன்று’ என்ற சொல் இல்லை என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. கடையில் எண்ணுகிற மாதிரியே வீட்டிலும் எண்ணியிருக்கிறேன். என் மனைவிக்கும் அது புதினமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் எண்ணுவோம்.

டீச்சர் சிரித்தார். அன்று நேர்சரியில் அந்த அம்மா சிரித்த அதே சிரிப்பு. “நான் சொன்னனான்தானே மிஸ். கடைப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு வந்து யாவாரம் செய்யிறா!”

அதிபர் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு பென்சிலை எடுத்து ஒளித்தார். “இப்ப எத்தினை கிடக்கு?”

“ஒம்பது” என்றாள் மகள், எண்ணாமலே.

“முதலாவதுக்கு என்ன சொன்னனீர்?”

“லாபம்.”

“ஏன் அப்பிடி?”

“அதுதான மொதல்ல வரும்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

“சரி. வெளியில இருங்கோ” என்றார் அதிபர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

விறாந்தை வாங்கில் வந்து இருந்தோம். தட்டு, அட்டை, கொட்டாஞ்சேனைக் காகிதம், கடற்கரையில் பட்ட கேவலம் எல்லாம் ஒரு சொல்லில் போய்விட்டது. அடிப்பதற்கு ஓங்கிய கையை நானே என் கன்னத்தில் இறக்கிக்கொண்டது மாதிரி இருந்தது. மகள், “அப்பா, சிந்தாம எண்ணினேன் இல்ல?” என்றாள்.

அடுத்தது மேல் மாடிப் பையன். டீச்சரே வாசலுக்கு வந்து அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். கதவு திறந்தே இருந்தது. “இவர் என்ர கெட்டிக்காரன், மிஸ். இலக்கமெல்லாம் தண்ணி பட்ட பாடு” என்பது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. பென்சில்கள் மேசையில் உருண்ட சத்தமும் கேட்டது.

“எண்ணும் ராசா.”

“லாபம்!” என்றான் அவன், பேசினைச் சுற்றிக் கத்துகிற அதே குரலில். “ரெண்டு! மூணு!”

‘ரெண்டு, மூணு’கூட அவன் வீட்டுப் பேச்சு இல்லை, எங்கள் பேச்சு. மேல் மாடி அம்மா வாங்கிலிருந்து பாதி எழும்பி அப்படியே நின்றார்.

“பிழை, பிழை, மிஸ். பிள்ளை பயந்துபோனார். ஒருக்காத் திரும்ப எண்ணும் ராசா, ஒழுங்கா எண்ணும்!”

“லாபம், ரெண்டு, மூணு…”

அவனுக்குப் பிறகு ஒரு சிறுமி போனாள். லாபம் என்றாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அவளும் லாபம். டீச்சரின் குரல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மெலிந்துகொண்டு வந்தது. கடைசியில் அதிபரின் குரல் கேட்டது. சிரிக்காத மனுஷி என்று சொன்னேன் அல்லவா? குரலில் சிரிப்பு நடுங்கியது.

“ஏன் ரீச்சர், உங்கட நேர்சரியில ஒண்டு எண்ட இலக்கமே இல்லையோ? எடுத்த எடுப்பில லாபந்தானோ?”

“ஆரடா உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது?” என்று டீச்சர் கத்தினார்.

மேல் மாடிப் பையன் வாசலுக்கு ஓடி வந்து விரலை நீட்டினான். “அந்த அங்கிள்தான். அவர் வீட்டிலதான் நாங்கள் எல்லாரும் படிச்சனாங்கள். அங்க அலுமாரி பூட்டிறேல்ல.”

டீச்சர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனியில் வந்து நின்றது. பிள்ளைகளே, அது கழன்று விழவில்லை. ஆனால் அவர் அதை ஏற்றிவிடவும் இல்லை. நான் எழும்பி நின்றேன். பணிவாகவே நின்றேன். ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அதிபர் என்னை உள்ளே கூப்பிட்டார். வகுப்பு நடத்துகிறேனா என்று கேட்டார். “இல்லீங்க, அரிசிக் கடையில வேலை” என்றேன். எப்படிப் படிப்பித்தேன் என்று கேட்டார். பொத்தானைப் பற்றியும் தவிட்டைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, “பிள்ளைக்கு ஒண்டையும் சொல்லிக் குடுங்கோ. தை மாசம் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. மேல் மாடிப் பையனுக்கும் கிடைத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவன் அம்மா படியில் என்னைக் கண்டால் பிறகு சிரிக்கவில்லை; ஒதுங்கி வழி விட்டார். அது போதும் என்று வைத்துக்கொண்டேன். மகள் ‘ஒன்று’ சொல்லப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் லாபம்.

டீச்சரை நான் மன்னித்துவிட்டதாக எழுதினால் இது நல்ல பிள்ளைகள் படிக்கிற கதையாகிவிடும். மன்னிக்கவில்லை. மாதம் பிறந்ததும் அவருடைய அரிசி மூட்டை வந்தது. கடையில் வேறு ஆள் கொண்டுபோகிறேன் என்றான். “வைய்யி, நான் போறேன்” என்றேன். நேர்சரி நடக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன்.

முன் ஹோலில் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். அலுமாரி பூட்டியிருந்தது. நான் குசினியில் குந்தி, மூட்டையைப் பிரித்து, சுண்டை எடுத்தேன். டீச்சர் வழக்கம்போல வந்து பக்கத்தில் நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஒண்டு எண்டு சொல்லி அளவுங்கோ.”

முதல் தடவையாக மரியாதை வந்திருந்தது. அதையும் கவனித்தேன்.

“மொதலாளி ஏசுவாருங்க டீச்சர்” என்றேன். சுண்டை நிறைத்தேன். தலைதட்டினேன். விளிம்பில் விரலை ஓட்டினேன். பிறகு ஹோல் வரைக்கும் கேட்கிற மாதிரி, “லாபம்!” என்று சொல்லிக் கொட்டினேன்.

“ரெண்டு!” என்று ஹோலிலிருந்து அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அடுத்த சுண்டை நிறைத்துக் கொட்டினேன்.

“மூணு!”

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. அந்த மாதம் அவர் வாங்கியது பெரிய மூட்டை.